மரக்காணத்து உப்பளக் கரையும் அதையடுத்த விளைநிலங்களும்

சென்னையினின்று கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே புதுச்சேரிக்குச் செல்வோர், மரக்காணத்தை நெருங்குங்கால் சதுரஞ் சதுரமாக வகுக்கப்பட்ட பாத்திகளையும், அவற்றின் கரைகளில் வெண்மணற் குன்றுகள்போல் அம்பாரமாய்க் குவிந்து கிடக்கும் உப்பையும் கண்டிருப்பர். தூத்துக்குடிக்கும் வேதாரணியத்திற்கும் அடுத்தபடியாகத் தமிழ்நாட்டில் உப்பு விளையும் இடம் இதுவே. ஆயினும் விவசாயப் பத்திரிகையில் உப்பைப் பற்றி எழுதுவது எதற்கு என்று சிலர் வினவலாம். உப்பளத்தின் எல்லை எங்கே முடிகிறதோ அங்கேதான் நெல்வயலின் எல்லை தொடங்குகிறது. அவ்வெல்லை நின்ற இடத்திலேயே நிற்பதன்று. ஆதலால் இது விவசாயிகளின் விஷயமேயாம்.

முதலில் நிலத்தின் அமைப்பை அறிதல் வேண்டும். பழைய தென்னார்க்காடு ஜில்லாவின் பகுதியாக இருந்து, 1993-ஆம் ஆண்டு முதல் விழுப்புரம் ஜில்லாவைச் சேர்ந்துள்ள இப்பிரதேசத்தில் நிலம் மேற்கிலிருந்து கிழக்கே சரிந்து செல்கிறது. திண்டிவனத்தின் பக்கம் கடினமான பாறை. அதற்குக் கிழக்கே வானூர்ப் பக்கம் செம்மண்ணும் அதன் கீழ் மணற்கல்லும். இம்மணற்கல் அடுக்குகளே மழைநீரை உறிஞ்சித் தம்முள் தேக்கி வைப்பவை. திண்டிவனத்தின் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உண்டான நிலக்கடலை வகைகளின் பெயரிலுள்ள டி.எம்.வி. என்னும் எழுத்துகள் அவ்வூரையே குறிப்பன என்பதைக் கடலை பயிரிடுவோரிலும் பலர் அறியார். மேட்டு நிலத்து ஏரிகள் நிரம்பி ஒன்றையொன்று தாண்டி வழியும் நீர் யாவும் கழுவெளி என்னும் ஆழமற்ற பரந்த ஏரியில் வந்து சேர்கிறது. கழுவெளி வடகிழக்கில் இடையன்திட்டுக் கழிமுகத்தின் வழியாகக் கடலோடு கலக்கிறது. சோழமண்டலக் கரையில் பழவேற்காட்டிற்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி இஃதே. மழைக்காலத்தில் இதன் மேற்பகுதி நன்னீராகவும், கோடையில் கழிமுகப் பகுதி கடலினும் உவர்ப்பாகவும் இருப்பதுண்டு. 2021-ஆம் ஆண்டு டிசம்பரில் இதில் 5,151 ஹெக்டேர் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

ஊரின் பழமையைச் சுருங்கச் சொல்வோம். சிறுபாணாற்றுப்படையில் ஓய்மானாட்டு நல்லியக்கோடனுக்கு உரியதாகக் கூறப்படும் எயிற்பட்டினம் இம்மரக்காணமே என்று ஆராய்ச்சியாளர் பலர் கொள்வர். இங்குள்ள பூமீசுவரர் கோயில் சோழர் காலத்துக் கல்வெட்டுகளை உடையது. வண்டிகளில் உப்பேற்றி உள்நாட்டிற்குச் சென்ற உமணர் குடும்பங்களைச் சிறுபாணாற்றுப்படை காட்டுகிறது. நெல்லுக்கு நேர் அளவாக உப்பு விற்கப்பட்ட செய்தியை அகநானூறு தருகிறது. இன்று ஒரு படி உப்புக்கு ஒரு படி நெல் கொடுப்பார் எவருமிலர். பிற்காலத்தில் 1876–78 ஆண்டுகளின் கொடிய பஞ்சத்தில் வேலையற்றவரைக் கொண்டு இடைவெளி வெட்டி இணைக்கப்பட்டு, அக்காலத்துக் கவர்னரின் பெயரைப் பெற்ற பக்கிங்காம் கால்வாய் தெற்கே மரக்காணத்தருகில்தான் முடிகிறது. படகுகள் ஓடிய நாளில் உப்பும் விறகும் அவ்வழியே சென்னைக்குச் சென்றன. இப்போது அதில் படகுப் போக்குவரத்து இல்லை.

உப்பு விளைவிப்பதும் ஒருவகைப் பயிர்த்தொழிலே. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை பிறந்தபின் பாத்திகளின் சேற்றை வாரி, வரப்புக் கட்டி, தரை இறுகும்வரை காலால் மிதித்துப் பதப்படுத்துவார்கள். தரை இறுகாவிடில் நீர் கீழே கசியும். உப்பும் மண்ணோடு கலந்து கறுக்கும். சாதாரணக் கடல்நீர் போமே மானியில் ஏறக்குறைய 3 பாகை காட்டும். அதைப் பாத்திக்குப் பாத்தி மாற்றி வெயிலில் வற்றச் செய்யுங்கால் முதலில் சுண்ணச் சத்தும், அதன்பின் ஜிப்சமும் படியும். 25 பாகை வந்தபோதுதான் உண்ணும் உப்பு மணிகட்டத் தொடங்குகிறது. 30 பாகையை எட்டுமுன் எஞ்சிய நீரை வடித்துவிட வேண்டும்; இல்லையேல் மக்னீசியச் சத்துக்கள் சேர்ந்து உப்பு கசக்கும். விடியற்காலையிலேயே இறங்கி, உப்பை வாரிக் கூடையிற் சுமந்து கரையேற்றுவோரிற் பெண்களே மிகுதி. வெண்மையிற் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணையும், உவர்நீர் காலையும் கெடுப்பது இத்தொழிலின் துன்பம். புரட்டாசி கழிந்து மழை தொடங்கினால் வேலை நின்றுவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேலையற்றிருக்கும் உப்பளத் தொழிலாளர் குடும்பத்திற்கு 5,000 ரூபாய் அளிக்கும் திட்டத்தை மாகாண அரசாங்கம் 2022-இல் அறிவித்தது. இதற்குத் தகுதியுடைய தம் கிராமத்தார் எவரும் பட்டியலில் விடுபடாதவாறு பார்த்துக்கொள்வது கிராம அதிகாரிகள் செய்யத்தக்க காரியம்.

இனி நமக்கு முக்கியமான பொருளுக்கு வருவோம். கடற்கரை நிலத்தின் அடியில் மேலே நன்னீரும் கீழே கடல்நீரும் இருக்கின்றன. நன்னீர் இலகுவானது, கடல்நீர் கனமானது. ஆகையால் எண்ணெய் தண்ணீர்மேல் மிதப்பது போல நன்னீர் உப்புநீர்மேல் மிதந்து நிற்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹாலந்து தேசத்துக் கடற்கரையை ஆராய்ந்தோர் இதற்கொரு கணக்குக் கண்டனர். கடல் மட்டத்திற்குமேல் 1 அடி நன்னீர் நின்றால், அதன் எடை கடல் மட்டத்திற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி வரை உப்புநீரை அழுத்தி வைக்கும் என்பதே அது. இதன் மறுபக்கத்தை விவசாயிகள் சிந்திக்க வேண்டும். கிணற்றின் நீர்மட்டம் நிலைத்து 1 அடி இறங்கினால், கீழேயுள்ள உப்புநீர் நாளடைவில் 40 அடி மேலெழும்பும். ஓர் அடி இறக்கத்தைப் பொருட்படுத்துவார் யார்? ஆழ்துளைக் கிணற்றில் இரவும் பகலும் மோட்டார் ஓட்டிச் சில ஆண்டுகள் நல்ல விளைச்சல் கண்டபின், ஒரு கோடையில் நாற்றின் நுனி கருகுவதைக் கண்டே பலர் விழித்துக்கொள்கின்றனர். அப்போது இன்னும் ஆழமாகத் துளையிடுவது உப்பைத் தேடிச் செல்வதாகவே முடியும். உப்பேறிய மேல்மண்ணை இரண்டொரு மழையில் கழுவலாம். உப்பேறிய மணற்கல் அடுக்கை நம் ஆயுட்காலத்தில் கழுவ இயலாது.

ஆகவே உப்பைத் தடுக்கும் மெய்யான அணை மேட்டிலுள்ள ஏரிகளே. அவற்றில் தேங்கி மண்ணுள் இறங்கும் நீர்தான் கடலுக்கு எதிராக நிற்கிறது. வரத்துக் கால்வாய் தூர்ந்து ஓர் ஏரி பாழாகுமாயின், நஷ்டம் அதன் ஆயக்கட்டுக்காரர்களோடு நிற்பதில்லை. பல கல் தொலைவில் கிழக்கேயுள்ளவன் கிணறும் கெடுகிறது. கிழக்கேயுள்ளவனுக்கு மேற்கேயுள்ள ஏரியின் குடிமராமத்தில் அக்கறை இருக்கவேண்டும் என்று சொன்னால் நகைப்பவர் உண்டு. அவர்கள் தம் கிணற்று நீரைச் சுவைத்துப் பார்ப்பாராக.

பெருவெள்ளக் காலத்தில் தொல்லை வேறுவிதமாக வருகிறது. 2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-இல் பெஞ்சல் புயல் புதுச்சேரியருகே கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை பொழிந்தது. மரக்காணத்து உப்பளங்கள் முழுகின. இத்தகைய சமயங்களில் வயற்காரன் நீர் விரைந்து வடிய வேண்டுமென்பான். அளக்காரன் தன் கரை உடையக் கூடாதென்பான். இருவர் கூற்றும் நியாயமே. வடிகாலின் அகலமும் ஆழமும் கிராமப் படத்திலும் பதிவேட்டிலும் உள்ளபடி நிலத்திலும் உள்ளனவா என்பதை ஆடி மாதத்திலேயே அளந்து வைத்தால், ஐப்பசியில் மண்வெட்டியோடு நிற்பவர்களைச் சமாதானம் செய்யும் வேலை குறையும்.

இறால் பண்ணைகளைப் பற்றியும் ஒரு சொல். விளைநிலத்தையும் உப்பள நிலத்தையும் இறால் குட்டையாக மாற்றலாகாது என்று உச்ச நீதிமன்றம் 1996-ஆம் ஆண்டு டிசம்பர் 11-இல் தீர்ப்பளித்தது. 2005-ஆம் ஆண்டின் சட்டப்படி கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்திடம் பதிவு பெறாமல் பண்ணை நடத்தவும் கூடாது. வயலுக்கு நடுவே உவர்நீர் தேக்கினால் பக்கத்து நிலத்திற்கு அது கசியாமலிராது. குத்தகைப் பணத்தைக் கண்டு நிலம் விடுவோர் இதை முன்னரே எண்ணவேண்டும்.

ஏற்கெனவே உப்பு கண்ட நிலத்தைத் திருத்துவதில் மிகப் பலர் செய்யும் பிழை ஒன்றுண்டு. உவர் நிலத்தையும் களர் நிலத்தையும் ஒன்றென எண்ணி, இரண்டிற்கும் ஜிப்சம் இடுகின்றனர். உவர் நிலத்தில் கரையும் உப்புக்கள் மிகுதி. கோடையில் மேலே வெண்மையாகப் பூக்கும். பரிசோதனையில் மின் கடத்தும் திறன் 4 டெசிசைமனுக்கு மேற்படும். இதற்கு ஜிப்சம் வேண்டுவதில்லை. நன்னீரும் வடிகாலுமே மருந்து. வயலைச் சிறு பாத்திகளாக வரப்பிட்டு, பருவமழையின் முதல் நீரைத் தேக்கி, ஆழமான ஓடை வழியே வடித்துவிட வேண்டும். வடிகாலின்றி நீர் மட்டும் தேக்கினால் உப்பு அங்கேயே தங்கும். களர் நிலத்திலோ சோடியம் மண்ணையே பற்றிக்கொண்டிருக்கும். கார நிலை 8.5-க்கு மேற்படும், நீர் இறங்காது, காய்ந்தால் பாறைபோல் இறுகும். இதற்குத்தான் ஜிப்சம். உப்புப் பாத்திகளில் உப்புக்கு முன் படிவதாக மேலே சொல்லிய ஜிப்சமும் இதே பொருளே. தூத்துக்குடிப் பக்கத்து உப்பளங்களில் அதைத் தனியே எடுக்கும் வழக்கம் உண்டு. கழுவி உப்பு நீக்காத சரக்கை வயலில் இடலாகாது.

இருவகை நிலத்திற்கும் தக்கைப்பூண்டு நன்று. ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, 45 நாளில் பூக்கும் தருணத்தில் மடக்கி உழ வேண்டும். நெல்லில் கோ 43 உவரை ஓரளவு தாங்கும். களருக்குத் திருச்சி 1, திருச்சி 3 ஏற்றவை. பழைய வகைகளில் குழியடிச்சான், களர்ப்பாலை ஆகியவற்றின் விதை கிடைக்குமாயின் சிறு பரப்பில் சோதித்துப் பார்க்கலாம்.

மண்ணும் கிணற்று நீரும் பரிசோதனைக்கு எடுக்க உகந்த காலம் சித்திரை, வைகாசி மாதங்களே. உப்பு அப்போதுதான் தன் முழு அளவைக் காட்டும். வெண்பூ கண்ட இடத்து மண்ணையும் காணாத இடத்து மண்ணையும் ஒன்றாகக் கலந்து அனுப்ப வேண்டாம். தனித்தனிப் பைகளில் கட்டி, புல எண்ணும் ஆழமும் எழுதி, நீர் மாதிரியை மோட்டார் அரை மணி நேரம் ஓடியபின் சுத்தமான புட்டியிற் பிடித்து, அருகிலுள்ள மண் பரிசோதனை நிலையத்தில் சேர்ப்பிக்கவும். அன்றைய தினமே கிணற்றின் விளிம்பிலிருந்து நீர்மட்டம் எத்தனை அடி என்பதைக் கயிற்றால் அளந்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்து, அடுத்த ஆண்டும் அதே மாதத்தில் அளக்கவும்.