மூச்சுக்குழலின் காவல்

சென்னை மாநகரின் வடபால், இராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர் வழியாக எண்ணூர்க் கழிமுகம் வரை கடலை ஒட்டி நீண்டு கிடக்கும் நிலப்பகுதியில், துறைமுகங்களும் ஆலைகளும் அனல்மின் நிலையங்களும் மீனவர் குப்பங்களும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. 2023ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 26ஆம் நாள், நள்ளிரவை அண்டிய வேளையில், எண்ணூரைச் சேர்ந்த பெரியகுப்பத்திலும் சின்னகுப்பத்திலும் உறங்கிக்கொண்டிருந்த மக்கள் திடுக்கிட்டு எழுந்தனர். கப்பலிலிருந்து உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியாவைக் கொண்டு செல்லக் கடலடியில் பதித்திருந்த குழாயில் கசிவு ஏற்பட்டிருந்தது. கண் எரிந்தது; தொண்டை அடைத்தது; இருமல் ஓயவில்லை. மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவிற்கு ஓடினர். 50க்கு மேற்பட்டோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர்.

உறங்கியவர்களை எழுப்பியது எது? மூக்கிலும் மூச்சுக்குழலிலும் இயற்கை அமைத்துள்ள காவலே அவர்களை எழுப்பியது. அக்காவல் நடைபெறும் முறையைச் சிறிது காண்போம்.

மூச்சுக்குழலின் உட்புறம் மெல்லிய உயிரணுப் படலத்தால் ஆனது. அவ்வுயிரணுக்களுட் பல நுண்ணிய மயிரிழைகளை உடையன. அவ்விழைகள் ஓயாது அசைந்து, தூசி படிந்த சளியைத் தொண்டையை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். உயிரணுக்களின் இடையிடையே உணர்ச்சி நரம்புகளின் நுனிகள் பரவியுள்ளன. நரம்பு நுனிகளிலும் உயிரணுக்களின் மேலுறையிலும் ஏற்பிகள் எனப்படும் புரதங்கள் பொதிந்துள்ளன. ஏற்பியைப் பூட்டிற்கு ஒப்பிடலாம். தனக்குரிய திறவுகோல் வந்து பொருந்தினாலன்றி அது திறவாது.

அடுக்களையில் மிளகாய் வற்றலை வறுத்தால் அண்டை வீட்டாரும் இருமுவதைக் கண்டிருப்பீர்கள். மிளகாயின் காரச்சத்து நரம்பு நுனியிலுள்ள ஓர் ஏற்பியைத் திறப்பதே அதற்குக் காரணம். அவ்வேற்பியை 1997இல் கண்டறிந்து வெளியிட்ட குழுவின் தலைவரான டேவிட் ஜூலியஸ் என்னும் அமெரிக்க அறிஞர், 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசில் பங்கு பெற்றார். அவ்வேற்பிக்கு உடன்பிறப்புப் போன்றது மற்றொன்று உண்டு. கடுகின் நெடிக்கும் புகையிலுள்ள அக்ரோலின் என்னும் பொருளுக்கும் அது திறக்கும், அம்மோனியாவிற்கும் திறக்கும். ஆயினும் வழி வேறு. கடுகின் சத்து ஏற்பியோடு நேரே பிணைகிறது. அம்மோனியாவோ அணுவினுள் நுழைந்து, அங்குக் காரத்தன்மையை மிகுவித்து, உள்ளிருந்தே பூட்டைத் திறக்கச் செய்கிறது. (இங்குக் காரம் என்றது நாவில் உறைக்கும் காரத்தை அன்று, அமிலத்திற்கு மறுதலையான காரத்தை.)

ஏற்பி திறந்ததும் கால்சிய அயனிகள் உட்புகும். நரம்பில் மின்துடிப்பு எழும். அத்துடிப்பு மூளைத்தண்டை அடையவே, அங்கிருந்து இரண்டு ஆணைகள் பிறக்கும். இருமுக என்பது ஒன்று. குழலைச் சுருக்குக என்பது மற்றொன்று. இரண்டாம் ஆணையைத் தாங்கி வரும் நரம்பு அசிட்டைல்கோலின் என்னும் பொருளைச் சுரக்கும். குழலைச் சூழ்ந்த தசையின் ஏற்பிகள் அதனை ஏற்றவுடன் தசை இறுகும், வழி ஒடுங்கும். நஞ்சைத் தடுக்கவே கதவு சாத்தப்படுகிறது. ஆனால் உயிர்க்காற்றும் அக்கதவின் வழியே வர வேண்டியிருக்கிறதே! காவலே இடராவது இவ்விடத்தில்தான்.

அம்மோனியா நெடியுடையது, ஆதலின் ஊர் விழித்துக்கொண்டது. நிலக்கரித் தூசியின் கதை வேறு. 2011இல் உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாள்வது நிறுத்தப்பெற்றது. இராயபுரத்தார் மூச்சு விட்டனர். வேலை எண்ணூர்த் துறைமுகத்திற்குச் சென்றது. தூசி ஊர் மாறிற்று என்பதே பொருந்தும். நிலக்கரியை எரிப்பதால் எழும் துகள்களில் மிக நுண்ணியவை, இருமலை எழுப்பாமலே ஆழச் சென்று படியக்கூடியவை. மூளை அறியாவிடினும் படலத்தின் உயிரணுக்கள் அறியும். அவை தூதுப் பொருள்களைச் சுரந்து வெள்ளணுக்களை வரவழைக்கும், படலம் வீங்கும், சளி மிகும். இந்நிலை நாள்தோறும் நீடித்தால் குழலின் சுவர் தடித்து, சிறு புகைக்கும் இறுகும் இயல்பைப் பெறும். ஆஸ்துமா உடையோர்க்கு இரைப்பு அடிக்கடி வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மருந்துகளும் ஏற்பிகளின் வழியே வேலை செய்கின்றன. 1969இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்த சால்பூட்டமால், தசையின் மேலுறையிலுள்ள வேறோர் ஏற்பியில் பொருந்தி, தசையைத் தளரச் செய்யும். சில நிமிடங்களில் மூச்சு எளிதாகும். இவ்வகை ஏற்பிகளை ஆராய்ந்த இராபர்ட் லெஃப்கோவிட்சும் பிரையன் கோபில்காவும் 2012இல் வேதியியல் நோபெல் பரிசு பெற்றனர். ஆயினும் சால்பூட்டமால் வீக்கத்தை ஆற்றாது. அதனை ஆற்றுவது உறிஞ்சும் ஸ்டீராய்டு மருந்து. அதற்குரிய ஏற்பி மேலுறையில் இல்லை; உயிரணுவின் உள்ளே இருக்கிறது. மருந்தைப் பெற்றதும் அவ்வேற்பி உட்கருவிற்குச் சென்று, வீக்கத்தைத் தூண்டும் புரதங்கள் உண்டாவதைக் குறைக்கிறது. ஆகையால் அதன் முழுப் பயன் தெரிவதற்குப் பல நாட்கள், சிலர்க்கு வாரங்களும் ஆகும். நம் வீடுகளில் பலர், 'பழகிவிடும்' என்று அஞ்சி, மூச்சு சற்று எளிதானதும் இம்மருந்தையே முதலில் நிறுத்திவிடுகின்றனர். விரைவில் ஆறுதல் தரும் சால்பூட்டமாலை மட்டும் கையில் வைத்துக்கொள்கின்றனர். படலத்தின் வீக்கமோ ஓசையின்றித் திரும்பி வருகிறது.