மை காய்ந்த பிறகு எழுத வேண்டியவை

அன்புள்ள தங்கைக்கு,

நீ அனுப்பிய நோட்டுப் பக்கங்களின் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு மைக்கும் ஒரு கட்டம், கட்டம் நிறைய நிறம், அடியில் முத்து முத்தான எழுத்தில் மையின் பெயர். நெய்வேலி டவுன்ஷிப்பில் உட்கார்ந்துகொண்டு லிவர்பூல் டயமைன் முதல் பட்டாம்பி கிருஷ்ணா வரை சேர்த்துவிட்டாய். “இது போதுமா அண்ணா?” என்று கேட்டிருக்கிறாய். போதாதம்மா.

அடுத்து எந்த நிறம் வாங்கலாம் என்று முடிவெடுக்க இந்தக் கட்டங்கள் போதும். நீயோ எழுத்துக்கலையைத் தொழிலாகவே எடுக்கப் போவதாகச் சொல்கிறாய். கல்யாணப் பத்திரிகை உறையில் பெயர் எழுதித் தரச் சொல்வார்கள். பணி ஓய்வு பெறுகிறவருக்கு வாழ்த்துமடல் கேட்பார்கள். வாங்கிப் போய்க் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டுவார்கள். அந்தக் கூடத்தின் ஜன்னல் மேற்குப் பார்த்திருந்து, மூன்று வருடத்தில் எழுத்து வெளுத்துப் போனால் கேள்வி உன்னிடம்தான் வரும். ஆகவே எழுதிய அன்று மை எப்படி இருந்தது என்பதோடு, ஒரு வாரம், ஒரு மாதம், ஒரு வருடம் கழித்து எப்படி ஆனது என்பதும் உன் நோட்டில் இருக்க வேண்டும். நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் இதற்குத் துணை.

இனி ஒரு மைக்கு ஒரு முழுப் பக்கம் கொடு. மேல் பாதியில் இன்றைய எழுத்து. கீழ்ப் பாதியைக் காலியாக விட்டுவிடு, பின்னால் தேதி போட்டு நிரப்புவாய்.

பெயருக்குப் பக்கத்தில் வாங்கிய மாதம், வருடம், புட்டியிலோ அட்டைப்பெட்டியிலோ தயாரிப்பு எண் இருந்தால் அது, எல்லாவற்றையும் குறித்துக்கொள். ஒரே பெயரில் வருவதால் ஒரே மை என்று நம்பிவிடாதே. ஜெர்மனியின் லாமி கம்பெனி 2016-இல் டார்க் லைலக் என்ற ஊதா மையைக் கொண்டுவந்தது. சீக்கிரமே தீர்ந்துபோனது, தேடி அலைந்தவர்கள் பலர். 2024-இல் அதே பெயரில் மறுபடி வந்தபோது நிறம் பழையபடி இல்லை. பழைய பக்கங்களைப் பத்திரமாக வைத்திருந்தவர்கள் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக் காட்டினார்கள்.

நம் நாட்டுச் சுலேகாவின் கதை இன்னும் நீளம். சுதேசி மை வேண்டும் என்ற காந்தியின் விருப்பத்தை ஒட்டி, 1934-இல் ராஜ்சாஹியில் மைத்ரா சகோதரர்கள் தொடங்கியது. பிறகு கல்கத்தாவுக்கு வந்து வளர்ந்தது, யாதவ்பூரில் ஆலை இருந்த சந்திப்புக்கே சுலேகா என்று பெயர் விழுந்தது. 1980-களின் கடைசியில் மூடினார்கள், 2006-இல் மறுபடி திறந்தார்கள். தாத்தாவின் டிரங்குப் பெட்டியிலிருந்து பழைய சுலேகா புட்டி ஒன்று உனக்குக் கிடைத்தால் அதற்கும் புதியதற்கும் தனித்தனிப் பக்கம் கொடு. இடையில் ஒரு தலைமுறை ஓடியிருக்கிறது.

எந்தக் காகிதம் என்று நீ எழுதவே இல்லை, அது பெரிய குறை. மையும் நிப்பும் அதேதான், காகிதம் மாறினால் எழுத்தே மாறிவிடும். காகிதம் மையைக் குடித்துவிடாமல் இருக்க ஆலையில் அதற்குப் பசை ஏற்றுவார்கள். பசை குறைந்தால் எழுத்தின் ஓரமெல்லாம் வேர்விட்டுப் பரவும், பின்பக்கமும் தெரியும். நெல்லிக்குப்பம் பாரி ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர்களின் பின்னால் நீயும் ஊர்ந்து போயிருப்பாய். சாறு பிழிந்த பின் மிஞ்சும் சக்கையிலிருந்து கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் தமிழ்நாடு காகித ஆலை காகிதம் செய்கிறது. சக்கையின் இழைகள் பைன் மரத்து இழைகளைவிடக் குட்டை. என் அனுபவத்தில் அந்தக் காகிதம் இங்க் பேனாவை நன்றாகவே தாங்குகிறது, விலையும் கம்மி. நீ ஜப்பான் காகிதத்தில் மட்டுமே சோதித்துவிட்டு, பத்திரிகை அச்சடிக்கிறவர் கொடுக்கும் உறையில் எழுதப் போய்த் தவிக்காதே. எந்தத் தாளில் வேலை செய்யப் போகிறாயோ அதிலிருந்து ஒரு துண்டு வெட்டி நோட்டில் ஒட்டி, அதன் மேல் எழுதிப் பார்.

நம் வெயிலுக்கும் ஒரு வரி ஒதுக்கு. திருவள்ளூர் ரங்கா போன்ற நம் ஊர்க் கடைசல் பேனாக்கள் பலவற்றில் பில்லரால் நேராக உடம்புக்குள்ளேயே மையை விடுகிறோம். மை பாதிக்கு மேல் குறைந்தால் மீதி இடம் முழுக்கக் காற்று. கைச்சூட்டில் அந்தக் காற்று விரிந்து மையைத் தள்ள, பேனா கக்கிவிடும். சித்திரை, வைகாசியில் பண்ருட்டியில் எழுதும் பேனாவும் மார்கழிக் காலையில் எழுதும் பேனாவும் வேறு வேறு மாதிரி நடந்துகொள்ளும். “மத்தியானம், மின்விசிறிக்கு அடியில், கால்வாசி மை” என்று ஓரத்தில் எழுதி வைத்தால், பிறகு பேனாவைக் குறை சொல்வதா மையைக் குறை சொல்வதா என்ற குழப்பம் வராது. விசிறிக் காற்றில் மை சீக்கிரம் உலரும், நிப்பும்தான் உலரும். ஐப்பசி அடைமழையில் அதே மை விரலில் ஒட்டும்.

கழுவுவதற்குப் போர் தண்ணீர் வேண்டாம். உப்பு படிந்து, நிப்புக்கு அடியிலிருக்கும் நாக்கின் நுண்ணிய வாய்க்கால்களை அடைக்கும். பேனாவில் மீந்த மையைத் திரும்பப் புட்டியில் ஊற்றவும் வேண்டாம். நம் ஈரக்காற்றில் புட்டிக்குள் பூஞ்சை பிடிக்க அது ஒன்றே போதும்.

இனி அந்தக் கீழ்ப் பாதிக்கு வருவோம்.

ஒவ்வொரு மையிலும் ஒரே வாக்கியத்தை நீளமான தாள்பட்டையில் எழுது. பாதியைக் கருப்பு அட்டையால் மூடி வெயில் படும் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டு. ஒரு மாதம் கழித்து அட்டையை எடுத்தால் மூடிய பாதியும் மூடாத பாதியும் இரண்டு வேறு மைகளோ என்று தோன்றும். கழுவினால் போகக்கூடிய ராயல் ப்ளூ வகைகள் முதலில் தோற்கும், அவை துணியிலிருந்து போக வேண்டும் என்றே செய்யப்பட்டவை. பளபளவென்று கண்ணைப் பறிக்கும் இளஞ்சிவப்பும் ஊதாவும் பெரும்பாலும் பின்னாலேயே போகும். வெயிலில் இருந்த பட்டையை எடுத்து அந்த மையின் பக்கத்திலேயே ஒட்டு.

எழுதிய தாளை நனைத்துப் பார்க்கும் தண்ணீர்ச் சோதனை அதைவிட முக்கியம், அதிலும் கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் அடித்தபோது நீ சின்னப் பெண்ணாக இருந்திருப்பாய். பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்த அன்று எங்கள் வீட்டு அலமாரியும் நனைந்தது. ராயல் ப்ளூவில் எழுதிய கடிதங்கள் வெளிர்நீலக் கறையாக நின்றன. பெரியப்பா பழைய ப்ளூ-பிளாக்கில் எழுதிய கடிதங்களை இன்றைக்கும் ஒரு எழுத்து விடாமல் படிக்கலாம். அது இரும்பு மை.

இரும்பு மையின் பக்கத்தை மட்டும் நீ பொறுமையாக எழுத வேண்டும், ஏனென்றால் எழுதிய பிறகுதான் அது மையாகவே மாறுகிறது. கடுக்காய், மாசிக்காய் போன்றவற்றின் துவர்ப்புச் சத்தோடு அன்னபேதி என்ற இரும்பு உப்பு சேர்ந்தால் முதலில் வெளிறிய நீர்தான் கிடைக்கும். எழுதும்போது கண்ணுக்குத் தெரிவது கூடவே கலந்த நீலச்சாயம். தாளில் காற்றுப் பட்டதும் உள்ளே இருக்கும் இரும்பு மெல்லக் கறுக்கிறது, அந்தக் கறுப்பு தண்ணீரில் கரையாது. எழுதியவுடன், ஒரு மணி நேரத்தில், மறுநாள், ஒரு வாரத்தில் என்று நான்கு முறை பார்த்து எழுது. பண்ருட்டியின் எந்த நாட்டுமருந்துக் கடையிலும் கடுக்காயும் அன்னபேதியும் கிடைக்கும். கஷாயம் வைத்துக் கலந்து, தொட்டு எழுதும் நிப்பில் ஒருமுறை நீயே செய்து பார். வீட்டில் செய்ததை மட்டும் இங்க் பேனாவுக்குள் ஊற்றாதே.

இரும்பு மைக்கும் ஒரு மறுபக்கம் உண்டு. அமிலம் கூடினால் அந்த மை தாளையே தின்றுவிடும். பெர்லின் அரசு நூலகத்தில் இருக்கும் இசைமேதை பாக்கின் கையெழுத்துச் சுவடிகளில் இசைக்குறிகள் இருந்த இடம் இற்றுப்போய், ஒரே தாளை முன்பக்கம் பின்பக்கம் என்று இரண்டாகப் பிளந்து நடுவில் மெல்லிய தாள் வைத்து ஒட்டிக் காப்பாற்றினார்கள். எனவே இரும்பு மைப் பக்கத்தின் பின்புறத்தையும் வருடத்துக்கு ஒருமுறை விரலால் தடவிப் பார்த்துக் குறித்துக்கொள்.

நெய்வேலிக்காரி உனக்கென்றே ஒரு மை இருக்கிறது, இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் காத்திருந்தேன். ஐரோப்பிய ஓவியர்கள் காசல் மண் என்றும், பிற்காலத்தில் ஓவியர் வான் டைக்கின் பெயரால் வான்டைக் பிரவுன் என்றும் அழைத்த ஆழ்ந்த பழுப்பு நிறம், பழுப்பு நிலக்கரியிலிருந்தும் அதைப் போன்ற மட்கிய மண்ணிலிருந்தும் வந்தது. 1956-இல் தொடங்கிய உன் ஊர் நிறுவனம் வெட்டி எடுத்து மின்சாரமாக்குவதும் பழுப்பு நிலக்கரியைத்தான். அதில் இருக்கும் ஹியூமிக் அமிலம் காரத்தில் கரைந்து தேன்பழுப்பிலிருந்து கரும்பழுப்பு வரை நிறம் கொடுக்கும். வால்நட் மை என்ற பெயரில் வெளிநாட்டுக் கலைப்பொருள் கடைகளில் விற்கும் படிகங்கள் பலவும் இந்த வகைதான், வால்நட் கொட்டைக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. கடல் தாண்டி வரும் அந்தப் படிகத்துக்குக் காசு கொடுக்கும் முன், உன் வீட்டில் யாரிடமாவது கேட்டு, முறைப்படி கிடைக்கும் ஒரு சிறு கட்டியைத் தூளாக்கி, சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் கொதிக்கவைத்து வடிகட்டிப் பார். இதே நிலக்கரியில் செய்த பழைய லீகோ கரித்துண்டு கிடைத்தாலும் எடுக்காதே. அது ஏற்கெனவே சுட்டது, நிறம் வராது. வடித்ததைத் தொட்டு எழுதும் நிப்புக்கும் தூரிகைக்கும் மட்டும் வைத்துக்கொள். இரும்பு மையோடு ஒருபோதும் கலக்காதே: அது அமிலம், இது காரத்தில் நிற்பது, சேர்ந்தால் திரிந்து அடியில் படியும்.

நிறம் எப்படி வரும், பழுப்பு நிலக்கரியின் எந்தப் பகுதி நன்றாகக் கரையும், எத்தனை நாளில் கெடும் என்பதையெல்லாம் நீதான் எழுத வேண்டும். வான்டைக் பிரவுன் வெளிச்சத்தில் வெளுக்கும் என்பது ஓவியர்களின் பழைய புகார். உன் ஜன்னல் பட்டை என்ன சொல்கிறது என்று பார்ப்போம். வெளுத்தால் அந்த மையை ஓவிய ஆல்பத்துக்குள் வைத்துக்கொள், சுவருக்குக் கொடுக்காதே. உன் பக்கத்தில் அது தேதியோடு இருந்தால், கேட்கிறவருக்கு நீ துணிந்து சொல்லலாம்.

இன்னும் ஒன்று. முந்திரிப்பழச் சாறு சட்டையில் பட்டால் போகாது என்று நம் ஊரில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. அதன் குடும்பத்தைச் சேர்ந்த சேங்கொட்டையின் சாற்றால்தான் சலவைத் தொழிலாளர்கள் துணியில் அழியாக் குறி போட்டார்கள். ஆசைப்பட்டு அதைத் தொடாதே, தோல் வெந்து கொப்புளித்துவிடும். முந்திரிக்கொட்டைத் தோட்டின் எண்ணெயும் அப்படித்தான். நோட்டில் பெயரை எழுதி, “செய்யக்கூடாது” என்று குறித்துவிடு. செய்யாத காரியங்களுக்கும் அந்த நோட்டில் இடம் வேண்டும். ட்ராயிங் இங்க் என்று விற்கும் அரக்கு கலந்த கறுப்பு மையும் அந்தப் பக்கத்திலேயே வரட்டும். ஒரே ஒரு முறை ஊற்றிக் காயவிட்டால் நல்ல பேனா ஒன்று போய்விடும்.

மற்றவர்கள் பாராட்டுவார்கள் என்று பக்கத்தை அழகாக்காதே. அழகுக்காக எழுதினால் கக்கிய நாளையும் பரவிய எழுத்தையும் மறைக்கத் தோன்றும். பாண்டிச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் நாளும் கிழமையும் போட்டு எழுதி வைத்ததால்தான் அந்தக் காலத்துத் துறைமுகமும் கடைவீதியும் இன்று நமக்குத் தெரிகின்றன. நடந்ததை நடந்தபடி எழுதியவர் அவர். நீயும் மை கெட்டால் கெட்டது என்றே எழுது.

இந்த மாதம் வாங்க நினைத்திருக்கும் அந்தப் புதுப் பச்சையை வாங்காதே, தங்கை. கையில் இருக்கும் மைகளுக்கு முதலில் முழுப் பக்கம் எழுதி முடி. ஜன்னலில் பட்டைகளை ஒட்டு. நெய்வேலி புத்தகக் கண்காட்சிக்கு நான் வரும்போது நோட்டைக் கையோடு எடுத்து வா. கீழ்ப் பாதிகளைத்தான் முதலில் புரட்டிப் பார்ப்பேன்.

அன்புடன்,
உன் அண்ணன்,
பண்ருட்டி