அழைப்பைக் காத்த கரங்கள்

துறவியரை வணங்குவது நம் நாட்டின் தொன்மையான பண்பு. காவி உடையைக் கண்டதும் கரங்கள் தாமே குவிகின்றன. ஆயினும், அந்தத் துறவியும் ஒரு வீட்டின் பிள்ளையே. ஒரு தாய் அவரைப் பிரிய மனம் இசைந்தாள். ஓர் ஆசான் அவரைக் கைப்பிடித்து நடத்தினார் என்பதை நாம் அரிதாகவே எண்ணுகிறோம். 'என் மகனே இவ்வழியை நாடினால்?' என்னும் வினா எழும்போது, குவிந்த கரங்கள் சற்றே தளர்ந்துவிடுகின்றன.

பிறர் வீட்டுத் துறவைப் போற்றிவிட்டு, நம் வீட்டுக் கதவை அதற்குத் தாழிடுவது முழுமையான போற்றுதல் ஆகுமா? இவ்வினாவைக் கத்தோலிக்கத் திருச்சபையின் குருமார் மரபைத் துணையாகக் கொண்டு ஆராய்வோம். ஒருவர் குருவாகவோ துறவியாகவோ வாழ உள்ளத்தில் உந்தப்படுவதை அம்மரபினர் 'இறையழைத்தல்' என்பர். அழைப்பவர் இறைவன், கேட்பவர் தனிமனிதர். ஆனால், அந்த அழைப்பு கனிவதற்குப் பலருடைய கரங்கள் தேவைப்படுகின்றன. புனித ஜான் மரிய வியான்னியின் வாழ்க்கை இதற்குத் தெளிவானதொரு சான்று.

மறைவில் விழுந்த விதை

வியான்னி 1786-ஆம் ஆண்டு மே 8-ஆம் நாள், பிரான்சு நாட்டில் லியோன் நகரை அடுத்த தார்தில்லி என்னும் சிற்றூரில் உழவர் குடும்பமொன்றில் பிறந்தார். அவருக்கு மூன்று வயதானபோது பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. திருச்சபையைத் தன் ஆணைக்குள் கொணர அரசு வகுத்த சட்டத்திற்கு உறுதிமொழி அளிக்க மறுத்த குருமார்கள் துன்புறுத்தப்பட்டனர். பலர் மாறுவேடம் பூண்டு, வீடுகளிலும் களஞ்சியங்களிலும் மறைவாகத் திருப்பலி நிறைவேற்றினர். பிடிபட்டால் உயிருக்கே ஆபத்து என்பதை அறிந்தே வந்தனர். 1799-இல் எக்குல்லி என்னும் ஊரில் வியான்னி முதன்முறையாக நற்கருணை பெற்றதும் இவ்வாறுதான். மெழுகுவத்தியின் ஒளி வெளியே தெரியாதிருக்க, அவ்வீட்டின் சன்னல்களுக்கு முன்னே வைக்கோல் வண்டிகள் நிறுத்தப்பட்டிருந்தன.

குருத்துவத்தின் மேன்மையை அச்சிறுவன் கற்ற பாடசாலை இதுவே. தன் ஊராருக்காக உயிரைப் பணயம் வைத்த மனிதர்களை அவன் நேரில் கண்டான். தியாகத்தைக் கண்ணால் கண்ட உள்ளத்தில் தியாக வேட்கை எளிதில் வேரூன்றுகிறது.

மூவர் செய்த உதவி

குருவாக வேண்டும் என்ற விருப்பத்தை வியான்னி வெளியிட்டபோது தந்தை தயங்கினார். நிலத்தில் உழைக்கும் கை ஒன்று குறையும்; படிப்பிற்குச் செலவும் ஆகும். அது நியாயமான தயக்கமே. தாய் பொறுமையுடன் எடுத்துச் சொல்லி அவரை இசைய வைத்தார். மகன் குருவானதைக் காண அந்தத் தாய் உயிருடன் இல்லை.

எக்குல்லியின் பங்குத்தந்தை பல்லே அவருக்குக் கற்பிக்க முன்வந்தார். வியான்னிக்கு அப்போது ஏறத்தாழ 20 வயது. பள்ளிப் படிப்போ மிகக் குறைவு. இலத்தீன் மொழி அவருக்கு எளிதில் வசப்படவில்லை. இதனிடையே 1809-இல் படையில் சேருமாறு ஆணை வந்தது. நோயுற்றுப் பின்தங்கிய அவர், படையைச் சென்றடையாமல் மலையூர் ஒன்றில் மறைந்து வாழ நேர்ந்தது. பிறகு பொதுமன்னிப்புக் கிடைத்தது; அவருக்கு மாற்றாக அவருடைய இளைய சகோதரர் படைக்குச் சென்றார். அந்தத் தம்பி வீடு திரும்பவில்லை.

லியோன் குருமடத்தில் பாடங்கள் இலத்தீனிலேயே நடந்தன. வியான்னியால் பின்தொடர இயலவில்லை, அவர் வெளியேற்றப்பட்டார். பல்லே அவரைக் கைவிடாமல் மீண்டும் கற்பித்தார். அதிகாரிகளிடம் அவருக்காகப் பரிந்து பேசினார். அவருடைய பக்தியும் உறுதியும் இறுதியில் மதிக்கப்பட்டன. 1815 ஆகஸ்டு 13-ஆம் நாள் கிரெனோபிள் நகரில் வியான்னி குருப்பட்டம் பெற்றார்.

ஒரு தாயின் இசைவு, ஓர் ஆசானின் பொறுமை, ஒரு தம்பியின் இழப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தே அந்த ஒரு குருவை உலகிற்கு அளித்தன.

பயன்கொள்வதே போற்றுதல்

1818-இல் அவர் ஆர்ஸ் என்னும் ஊருக்கு அனுப்பப்பட்டார். அங்கு வாழ்ந்தோர் ஏறத்தாழ 230 பேரே. புரட்சிக்குப் பின் வழிபாட்டில் நாட்டம் குன்றியிருந்த அவ்வூரில் அவர் 41 ஆண்டுகள் பணியாற்றினார். எளிய உணவு, குறைந்த உறக்கம், நீண்ட பிரார்த்தனை என்பன அவருடைய நாட்களாக அமைந்தன. மக்கள் தம் குற்றங்களை இறைவன் முன் அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறும் ஒப்புரவுச் சடங்கிற்காகத் தொலைவிலிருந்தெல்லாம் அவரை நாடி வந்தனர். இறுதி ஆண்டுகளில் நாளொன்றுக்கு 16 மணி நேரம்வரை அவர் அந்தச் சிறு இருக்கையில் அமர்ந்து கேட்டார்.

சிறப்புகளும் அவரைத் தேடி வந்தன. 1852-இல் ஆயர் அவருக்கு மதிப்பிற்குரிய தோளாடை ஒன்றை அணிவித்தார். அவர் அதனை 50 பிராங்குக்கு விற்று, அத்தொகையை அறப்பணிக்குக் கொடுத்துவிட்டார்! குருவைப் போற்றுவது எப்படி என்பதற்கு இந்நிகழ்ச்சி ஒரு பாடம். மாலையும் பட்டமும் அவரைச் சென்றடைவதில்லை. அவர் தரும் உபதேசத்தை ஏற்று ஒருவர் தம் வாழ்வைத் திருத்திக்கொண்டால், அதுவே அவருக்குச் செய்யும் மரியாதை.

தனிமையில் தவம் புரிய விரும்பி அவர் ஆர்ஸைவிட்டு நீங்க முயன்றதும் உண்டு. 1853-இல் ஊரார் வழிமறித்து அவரைத் திரும்ப அழைத்துவந்தனர். தனிமை வேட்கையைத் தம் மக்களின் தேவைக்காக அவர் துறந்தார். துறவுக்குள் இப்படியும் ஒரு துறவு உண்டு. 1859 ஆகஸ்டு 4-ஆம் நாள் ஆர்ஸிலேயே அவர் மறைந்தார். 1925-இல் புனிதர் பட்டம் பெற்ற அவர், 1929-இல் பங்குத்தந்தையரின் பாதுகாவலராக அறிவிக்கப்பட்டார்.

ஊக்கமும் வற்புறுத்தலும்

ஊக்கமளித்தல் என்பது தள்ளிவிடுதல் அன்று. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு இங்கே கூரிய நெறியொன்றை வகுக்கிறது: குருப்பட்டம் பெறுமாறு எவரையும் எவ்வகையிலும் வற்புறுத்தலாகாது, தகுதியுள்ள ஒருவரைத் தடுத்து விலக்கவும் ஆகாது. இவ்விரு தவறுகளையும் அச்சட்டம் ஒருங்கே விலக்குகிறது. குருவாவதற்கு 25 வயது நிறைந்திருக்க வேண்டும். தத்துவமும் இறையியலும் ஆறு ஆண்டுகள் பயில வேண்டும். அவசர உணர்ச்சி அடங்கி, அழைப்பின் உண்மை தெளிவதற்கு இக்காலம் உதவுகிறது.

உடையின் தூய்மையைத் தம் செயலால் கெடுத்தவர்களும் உளர் என்பதை அண்மைப் பதிற்றாண்டுகள் உலகிற்கு உணர்த்தியுள்ளன. அவர்களால் புண்பட்டோருக்கு நீதி கிடைக்க வேண்டும். உடைமீது கொண்ட மரியாதை அதனை மறைத்தலாகாது. நல்ல குருமார்களை மதிப்போர் இதில் முன்நிற்க வேண்டும்.

நம் இல்லங்களுக்கு

1886 டிசம்பரில் ஆன்ட்பூரில் நரேந்திரரும் சகோதரச் சீடர்களும் அக்கினியைச் சுற்றி அமர்ந்து துறவு வாழ்விற்கு உறுதி பூண்டனர். அன்று நரேந்திரர் ஏசுவின் தியாக வாழ்வைப் பற்றி எழுச்சியுடன் பேசினார். அது கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு என்பதைப் பின்னரே அவர்கள் அறிந்தனர். அந்த இல்லம், பின்னாளில் சுவாமி பிரேமானந்தர் ஆன பாபுராமின் இல்லம். ஸ்ரீராமகிருஷ்ணர் கேட்டபோது தம் மகனை மகிழ்வுடன் அவரிடம் ஒப்படைத்தவர் அன்னை மாதங்கினி தேவி. தார்தில்லியின் உழவர் மனைவியும் ஆன்ட்பூரின் அன்னையும் ஒருவரையொருவர் அறியார். இருவர் செய்ததும் ஒரே தானம்.

ஆகவே அன்பர்களே, பிள்ளை தியானத்தில் நாட்டம் கொண்டால் அதனை நோயென அஞ்ச வேண்டாம். பெருமைக்காக அவனை முன்னே தள்ளவும் வேண்டாம். நல்ல துறவியரின் அருகாமையை அவனுக்குக் கிடைக்கச் செய்யுங்கள். அவன் தேர்வது இல்லறமாயினும் துறவறமாயினும், அந்த அருகாமை அவனைத் தூய்மையாக்கும். அழைப்பை அளிப்பது நம் கையில் இல்லை. அது வரும்போது கதவைத் திறந்து வைப்பது நம் கையில் உள்ளது.

சிந்தனைக்கு

1. நான் வணங்கும் துறவியின் உபதேசங்களுள் ஒன்றையேனும் இவ்வாண்டு வாழ்வில் கடைப்பிடித்தேனா?

2. என் இல்லத்தில் ஒருவர் துறவை விரும்பினால், என் முதல் அச்சம் எது? அது அவருடைய நலன் குறித்ததா, என் இழப்புக் குறித்ததா?

3. பல்லே வியான்னிக்குச் செய்தது போல, படிப்பில் பின்தங்கிய ஓர் இளைஞனுக்கு நான் எவ்வாறு துணைநிற்க இயலும்?