லடாக்கில் பறவை நோக்கல்: ஒரு பயணத் திட்டம்

குளிர்காலத்தில் கூந்தன்குளத்திற்கு வரும் வரித்தலை வாத்தை நம் விலங்கியல் மாணவர் பலரும் கண்டிருப்பர். கோடையில் அது முட்டையிடுவது எங்கே? இமயத்துக்கு அப்பால், மரமே இல்லாத உயர்ந்த ஏரிக்கரைகளில். அத்தகைய நிலத்தைக் காண வரும் ஜூன் மாதம் எண்மர் கொண்ட குழுவாக லடாக் செல்ல எண்ணியுள்ளோம். திட்டம் வகுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. முன்பே ஒருமுறை போய் வந்தவன் என்பதே என் தகுதி. அதுவும் தவறாகப் போய் வந்தவன்.

2023 ஜூனில் நானும் நண்பனும் ஒரு சுற்றுலாக் குழுவில் சேர்ந்து சென்றோம். தில்லியிலிருந்து விமானத்தில் லே நகரில் இறங்கிய மறுநாளே எங்களைச் சோ கர் ஏரிக்கு ஏற்றிச் சென்றனர். லே சுமார் 3,500 மீட்டர் உயரம். சோ கர் 4,500 மீட்டருக்கும் மேல். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் மூன்று பங்குகூட இல்லை. அன்றிரவு நண்பன் தலைவலி என்றான், வாந்தி எடுத்தான், நள்ளிரவில் கூடாரத்திற்கு வெளியே நடக்க முடியாமல் தள்ளாடினான். விடியட்டும், கொக்கைப் பார்த்துவிட்டு இறங்கலாம் என்றார் எங்களை அழைத்துச் சென்றவர். நானும் வாய் திறக்கவில்லை. எனக்கும் கொக்கைக் காணும் ஆசை. லடாக்கிக் காரோட்டிதான் யாரையும் கேளாமல் வண்டியைக் கிளப்பினார்.

அப்போதுதான் ஓர் உண்மை விளங்கிற்று. சோ கர் நாற்புறமும் மேடு சூழ்ந்த கிண்ணம். லே செல்ல டாக்லாங் லா கணவாயில் 5,300 மீட்டர் ஏற வேண்டும். சிந்து ஆற்றுப் பக்கம் இறங்கப் பொலோகோங்கா லா குறுக்கே நிற்கிறது. இறங்குவதற்காக ஏறினோம். கணவாயில் நண்பனின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. சிந்துக் கரையில் சுமாதாங் வந்த பிறகே தேறினான்.

ஆதலின் இம்முறை நான் முதலில் எடுத்தது பறவைப் பட்டியலை அன்று, உயரம் குறித்த வரைபடத்தை. 3,000 மீட்டருக்கு மேல் உறங்கும் இடத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் உயர்த்தலாகாது என்பது மருத்துவர் கூறும் பொது விதி. விமானம் வேண்டா. மணாலிச் சாலையும் வேண்டா. அதில் இரவு தங்கும் சர்ச்சுவே 4,300 மீட்டர். ஸ்ரீநகரில் ஓர் இரவு, கார்கிலில் (2,700 மீட்டர்) ஓர் இரவு, லேயில் மூன்று. கார்கிலிலிருந்து லே 800 மீட்டர் ஏற்றமாயிற்றே என்று பேராசிரியர் கேட்டார். அதனால்தான் மூன்று இரவுகள். அந்நாட்கள் வீணல்ல, ஷே அருகே சிந்துவின் கூழாங்கல் திட்டுகளில், வளைந்த சிவப்பு அலகுடைய ஐபிஸ்பில் பறவையைத் தேடலாம். பின்னர் சுமார் 4,000 மீட்டரிலுள்ள சுமாதாங்கில் இரண்டு இரவு, 4,300 மீட்டரிலுள்ள ஹான்லேயில் இரண்டு இரவு.

சோ கரை விடலாமா, 2020இல் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட இடமாயிற்றே என்று நண்பர்கள் வாதிட்டனர். ஹான்லேச் சதுப்பிலும் கருங்கழுத்துப் பெருங்கொக்கு உண்டு. அங்கிருந்து லே வரை சாலை ஆற்றோடே இறங்குகிறது; இடையில் கணவாய் இல்லை. என் வாதம் அவ்வளவே.

பெருங்கொக்கு என்பது நம் வயலில் நிற்கும் வெண்கொக்கு அன்று. ஏறத்தாழ நான்கடி உயரம், சாம்பல் உடல், கறுத்த கழுத்து, உச்சியில் சிவப்பு. நம் விடுமுறையோ அது அடைகாக்கும் காலம். பெரும்பாலும் இரண்டே முட்டைகள். மனிதர் நெருங்கினால் தாய் எழுந்துவிடும். காக்கையும் தெருநாயும் காத்திருக்கும். கூடாரங்களின் எச்சிற்சோற்றில் பெருகிய நாய்கள் அங்கே பெருந்தொல்லை. எனவே சதுப்பில் கால் வைப்பதில்லை. சாலையோரத்திலிருந்தே தொலைநோக்கியில் பார்ப்பது. மீந்த உணவை வண்டியிலேயே திரும்பக் கொணர்வது. துறையில் இருப்பது ஒரே தொலைநோக்கி. எண்மருக்கு மேல் முறை வைத்துப் பார்க்க இயலாது.

அனுமதிச் சீட்டு விதிகள் அடிக்கடி மாறுவதால் புறப்படுமுன் லே மாவட்ட நிர்வாகத்திடம் கேட்டுக்கொள்வோம். வழிகாட்டி லடாக்கியராகவே இருப்பார். அவரோடு செய்யும் ஒப்பந்தத்தில் ஒரு வரியை நானே எழுதியிருக்கிறேன்: எவரேனும் தள்ளாடினாலோ, படுத்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, வழிகாட்டியும் காரோட்டியும் எவரையும் கேளாமல் கீழே இறக்கலாம், கொக்கைப் பார்த்தோமா என்ற பேச்சுக்கே இடமில்லை.

பெயர் தருவோர் மருத்துவச் சான்றுடன் துறைக்கு வருக. முதல் பெயர் என் நண்பனுடையது. அவன் வீட்டில் இன்னும் சம்மதம் கிடைக்கவில்லை.