உடுக்கை ஒண்முகில்

பாரிஸ் நகரில் வால்மீன்களைத் தேடி ஆராய்ந்த சார்லஸ் மெஸ்ஸியே, 1764-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 12-ஆம் நாள் மங்கிய ஒளிமுகில் ஒன்றைக் கண்டார். அவர்தம் பட்டியலில் அது 27-ஆம் எண் பெற்றது. பின்னர் வில்லியம் ஹெர்ஷல் என்பார், இத்தகைய முகில்கள் சில கோளைப்போல் வட்டமாய்த் தோன்றியமையால், இவ்வினத்தைக் ‘கோள் ஒண்முகில்’ என்றார். இவ்வினத்துள் முதற்கண் அறியப்பட்டது மெஸ்ஸியே கண்ட முகிலே. ஆயினும் கோளுக்கும் இதற்கும் யாதோர் உறவுமில்லை.

கதிரவனை ஒத்த விண்மீன், முதுமையில் எரிபொருள் குன்றப் பருத்துத் தன் புறப்படலங்களை உதறிவிடும். எஞ்சிய வெங்கருவின் புறஊதாக் கதிர்கள் அவ்வாவியை ஒளிரச் செய்யும். சில பதினாயிரம் ஆண்டுகளில் அது விண்ணிற் பரந்து மறையும்.

மாணவர்களே! புரட்டாசித் திங்களில், நிலவில்லா முன்னிரவில் உச்சிவானை நோக்குங்கள். வேகா, டெனெப், ஆல்டேர் என்னும் மூன்று மீன்கள் பெரியதொரு முக்கோணமாய் விளங்கும். அதனுள் அம்பு போன்ற சிறு மீன்கூட்டம் உண்டு. அம்பின் நுனிக்கு 3 பாகை வடக்கே இருகண் நோக்கியைத் திருப்பின், பஞ்சுத்துகள் போன்ற மங்கிய ஒளி தெரியும். பெருந் தொலைநோக்கியில் இடைசிறுத்த உடுக்கை வடிவம் புலப்படும்.

நம் கதிரவனும் ஏறத்தாழ 500 கோடி ஆண்டுகட்குப் பின் இந்நிலை எய்தும் என்பர். அங்ஙனம் உதறப்படும் ஆவியில் உள்ள கரியும் பிறவும் புதிய மீன்களுக்கும் கோள்களுக்கும் வித்தாகும். மாய்வும் ஈகையாதல் விண்ணிற் காணும் அறமாம்.