புது வீட்டுச் சுவரில் பூசணம் ஏன்?

குன்னூர் பக்கம் கட்டின புது வீட்டில், பால் காய்ச்சின கொஞ்ச நாளிலேயே சுவரில் கறுப்புப் புள்ளி வருதா? "மழைத்தண்ணி இறங்குது" என்று உடனே முடிவு கட்டாதீங்க. வேறு இரண்டு காரணங்களும் உண்டு.

ஒன்று, கட்டுமான நீர். 50 கிலோ சிமெண்ட் மூட்டைக்கு 25 லிட்டர் தண்ணீர் கலந்தால், வேதிவினையில் சேர்வது ஏறக்குறைய பாதிதான். மிச்சத்தில் பெரும்பகுதி மெல்ல ஆவியாகணும். வடகிழக்குப் பருவமழை, பனிமூட்டம் எல்லாம் சேர்ந்தால் அது இழுத்துக்கொண்டே போகும்.

இரண்டு, காற்றின் ஈரம். 20 டிகிரி செல்சியஸில் ஒரு கனமீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். 10 டிகிரியில் சுமார் 9 கிராம்தான். அதனால் சமையல், குளியல் ஆவி குளிர்ந்த சுவரில் பட்டதும் நீராகிவிடும்.

எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? பாலிதீன் துண்டு ஒன்றைச் சுவரில் வைத்து, நாலு ஓரமும் டேப் ஒட்டி 2 நாள் விடுங்க. சுவரைத் தொடும் பக்கம் நனைந்தால் ஈரம் சுவருக்குள்ளே இருக்கு. அறைப் பக்கம் நனைந்தால் காற்றிலே இருக்கு.

சுவருக்குள் என்றால், காயும்வரை புட்டியும் பெயிண்டும் வேண்டாம். ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். மாதக்கணக்கில் ஒரே இடம் மட்டும் காயாவிட்டால் அப்போ கசிவைத் தேடுங்க. காற்றில் என்றால், எக்ஸாஸ்ட் ஃபேன் போடுங்க, பீரோவைச் சுவரிலிருந்து நகர்த்துங்க, அறைக்குள் துணி காயப்போடாதீங்க.

பூசணம் ஆஸ்துமாவைத் தூண்டும். மேலே பெயிண்ட் அடித்து மறைத்தால் திரும்ப வரும். முதலில் ஈரத்தை நிறுத்துங்க.