கரண்டி பிடிக்கும் கலைப்பிரிவு

நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் சிறப்பு முகாமில், வரலாறோ தமிழ் இலக்கியமோ படிப்பவர் கைக்கு முதலில் வருவது அறிக்கை நோட்டு. "நீதான் நல்லா எழுதுவியே!" என்பார்கள். வாங்காதீர்கள். ஊர்ப் பள்ளியில் திண்ணை கட்டுகிறார்கள் என்றால், ஒரு பக்கச் சுவரை அடியிலிருந்து முடிவு வரை உங்கள் அணிக்கே தரும்படி திட்ட அலுவலரிடம் கேளுங்கள்.

முதல் நாள் மேஸ்திரிக்குச் சித்தாளாக நில்லுங்கள். செங்கல்லை ஊறப்போடுவது, மணல் சலிப்பது, சாந்து குழைப்பது எல்லாம் எடுபிடி வேலையாகத் தோன்றும். ஆனால் ஊறாத கல் சாந்தின் ஈரத்தை உறிஞ்சிவிடும்; பிடிப்பு போய்விடும். சிமென்ட் ஒரு பங்குக்கு மணல் ஆறு பங்கு, பெட்டியால் அளந்தே போடுங்கள். தண்ணீர் விட்ட கலவையை அரை மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். இறுகியதில் மறுபடி தண்ணீர் ஊற்றிக் கிளறும் பழக்கம் பல சைட்களில் உண்டு. அதை மட்டும் கற்றுக்கொள்ளாதீர்கள்.

மூலை எடுப்பதுதான் ருசியான இடம். மூலையிலிருந்து ஒரு நூலில் 3 அடி, மற்றதில் 4 அடி குறியுங்கள். குறிகளுக்கு இடையே 5 அடி வந்தால் மூலை சரி. பள்ளியோடு மறந்துபோன பிதாகரஸ் இங்கே வேலைக்கு வருவார்! பிறகு வரிசைக்கு வரிசை நூல், ரசமட்டம், தூக்குக்குண்டு. கீழ்வரிசை ஜாயின்ட்டுக்கு நேர் மேலே மேல்வரிசை ஜாயின்ட் விழக்கூடாது.

கட்டிய சுவருக்குக் குறைந்தது ஏழு நாள் தண்ணீர் காட்ட வேண்டும். முகாமே ஏழு நாள்தான்! நீங்கள் மூட்டை கட்டிய பிறகு யார் ஊற்றுவது? தலைமையாசிரியரிடமும் ஊர்க்காரர்களிடமும் இரண்டாம் நாளே பேசி ஆள் பிடியுங்கள். பேச்சுத் திறமைக்கு இதைவிட நல்ல தேர்வு கிடைக்காது.

பயோடேட்டாவில் "முகாமில் பங்கேற்றேன்" என்பது வெற்று வரி. எத்தனை அடிச் சுவர், கல் கணக்குப் போட்டது யார், மணல் வராத நாளில் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். தொண்டு நிறுவன வேலைக்கோ மரபுக் கட்டடப் பாதுகாப்புக்கோ போகிறவரிடம் நேர்காணலில் கேள்வி அங்கிருந்துதான் கிளம்பும். ருசி பிடித்துவிட்டால், மண் கட்டுமானத்தில் குறுகிய காலப் பயிற்சி தரும் ஆரோவில் எர்த் இன்ஸ்டிட்யூட்டில் விசாரியுங்கள்.

அஸ்திவாரத்திலிருந்தே தினமும் படம் எடுத்து வையுங்கள். பூச்சு ஏறிய பிறகு எடுக்கும் படத்தில் உங்கள் வேலை எதுவும் தெரியாது.